பவுலின் எழுதிக் கொடுத்தது

மனிதர்களை வளர்த்தே தீர்வது என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டால், அந்த வட்டாரத்தில் யாரும் இருக்கிற உயரத்தோடு நிம்மதியாக இருந்துவிட முடியாது. போன மே மாதக் கத்திரி வெயிலில், திண்டிவனத்துக்கு வெளியே மாணவர்கள் இல்லாமல் மூடிப்போன ஒரு கல்லூரிக் கட்டடத்தில், 'தாய்-சேய் உள்வளர்ச்சிச் சமூகக் கோடை முகாம்' நடந்தது. பத்து நாள் முகாம். சாப்பாடு, படுக்கை, வளர்ச்சி மூன்றும் இலவசம். நடத்தியவர்கள் மலர்குடும்பம் அறக்கட்டளை என்ற பெயருடையவர்கள்.

ஊருக்கு ஒரு தாயும் ஒரு பிள்ளையும் வந்தே ஆகவேண்டும் என்று மகளிர் குழுக்களுக்குக் கடிதம் வந்தது. விழுப்புரத்தை அடுத்த கெடாரில் யாரும் கை தூக்கவில்லை. சீட்டு எழுதிக் குலுக்கியதில் பவுலின் பெயர் வந்தது. பவுலினுக்கு முப்பத்திரண்டு வயது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற காலத்தில் அதைப் பிடுங்குவாள், இல்லாத காலத்தில் நூறு நாள் வேலைக்குப் போவாள். புருஷன் லூர்துநாதன் கோயம்புத்தூரில் கட்டட வேலை. ஒரே மகள் அக்னஸ், ஒன்பது வயது. அதற்கு முந்தின மாதம்தான் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கியிருந்தாள். "நாம இப்போ நல்லாத்தானே இருக்கோம், இன்னும் இன்னாத்துக்கு வளரணும்?" என்று குழுத் தலைவியிடம் பவுலின் கேட்டுப் பார்த்தாள். தலைவி கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அதில் 'வந்தே ஆகவேண்டும்' என்றுதான் இருந்தது.

முகாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தார்கள். எல்லோருடைய செல்போனும் அதற்குள் போயிற்று. நாற்பத்திரண்டாவது தாய் உள்ளே வந்ததும் காவலாளி அப்பாதுரை கேட்டைப் பூட்டினார். சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு, ஸ்டூலை வெளிப்பக்கம் பார்த்துப் போடாமல் உட்பக்கம் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

கூடத்தில் பிள்ளைகளுக்கு நாற்காலி. தாய்மார்களுக்குத் தரை. இயக்குநர் பிரபாவதி மேடம் மேடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட சேலை, குரலில் தேன்.

"இவ்வளவு நாளும் நீங்க மேல, பிள்ளைங்க கீழ. பத்து நாளைக்கு மாத்திப் பாருங்க," என்றார். "ஒரு தாய் வளர்ந்திருக்காங்கன்னு எப்படித் தெரியும்? வரும்போது எவ்வளவு குள்ளமா இருந்தாங்கன்னு தெரிஞ்சாத்தானே தெரியும்? அதனால முதல்ல நீங்க எல்லாரும் குறைவா இருக்கணும். இது எங்க ஆசை இல்லை. உதவி கொடுக்கிறவங்க கேட்கிறாங்க. போன வருஷம் சில தாய்மார்கள் வந்த அன்னைக்கே நல்லா இருந்து எங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டாங்க."

தாய்மார்கள் தலையாட்டினார்கள். தாங்கள் அப்படியெல்லாம் கஷ்டப்படுத்த மாட்டோம் என்று முகத்திலேயே தெரிந்தது.

சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மரம் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு தாயின் புகைப்படத்தையும் அதன் வேரில் ஒட்டினார்கள். நாளுக்கு நாள் தண்டில் ஏறி, கிளையில் ஏறி, பத்தாம் நாள் எல்லோரும் பூவாக மேலே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. காலையில் பிள்ளைகள் "வளருங்கள் அம்மா" என்று வணக்கம் சொல்லவேண்டும். தாய் "வளர்கிறேன் கண்ணே" என்று பதில் சொல்லவேண்டும். பவுலினும் அக்னஸும் முதல் நாள் இதைச் சொல்லிக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் அன்புச்செல்வன் அதைக் குறித்துக்கொண்டார். மெல்லிய மனிதர், எப்போதும் மடியில் லேப்டாப். யாரையும் திட்ட மாட்டார். குறித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள்தான் பவுலின் அந்தத் தப்பைச் செய்தாள்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். மேலே 'மனத்தைத் திறக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. தாயாக நீங்கள் செய்த தவறுகளை ஒளிக்காமல் எழுதுங்கள், இது உங்களுக்கும் உங்கள் மனசாட்சிக்கும் இடையில் மட்டும்தான் என்றார் அன்புச்செல்வன். பவுலினுக்குப் பக்கத்தில் விக்கிரவாண்டி டோல்கேட் ஓரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். லாரிக்காரர்களிடம் பழகிய பொம்பளை. 'பாசம் ஜாஸ்தியா வச்சிட்டேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

பவுலினால் அப்படி முடியவில்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. மாதா கோயிலில் ஞானோபதேசம் நடத்துகிற உபதேசியார் சொல்லிக்கொடுத்த வழி. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது பாவத்தை மட்டும் சொன்னால் போதாது, எத்தனை தடவை என்றும் சொல்லவேண்டும். எண்ணிக்கை மறந்துபோனால் கூட்டிச் சொல்லலாம், குறைத்துச் சொன்னால் செல்லாது. கூட்டிச் சொல்வதால் ஒரு நஷ்டமும் கிடையாது. கடைசியில் எல்லாமே மன்னிக்கப்படப் போகிறது. சாமியார் மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வார். வெளியே வந்தால் மனசு துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி இருக்கும்.

அதனால் பவுலின் கண்ணை மூடி யோசித்து, அடுத்த தாளும் கேட்டு வாங்கி எழுதினாள். பிள்ளையை அடித்தது: பத்துப் பதினைந்து தடவைதான் இருக்கும், எதற்கும் நாற்பது. ஜுரத்தில் கிடக்கும்போது பக்கத்தில் உட்காராமல் சீரியல் பார்த்தது: ஆறு. தூங்குகிற பிள்ளையைத் தனியாக விட்டுத் தண்ணீருக்குப் போனது: இருநூறு. அவளுக்கென்று வைத்த முட்டையைத் தான் தின்றது: மூன்று. 'நீ ஏன்டி பொறந்தே' என்று கேட்டது: ஒன்று. இந்த ஒன்று மட்டும் நிச்சயமான கணக்கு. அதை எழுதும்போது பவுலினுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டிப் பார்த்த பாஞ்சாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடிப்பாவி, இன்னாடி எழுதிக்கினு கீறே? கிழிச்சுப் போடு ஜல்தி."

"மனச தொறந்து எழுதச் சொன்னாங்களேக்கா."

"எழுதச் சொன்னா எழுதிடுவியா? ஒன்னு ரெண்டு தொறக்கணும்டி. அல்லாத்தையுமா தொறப்பாங்க?"

அதற்குள் அன்புச்செல்வன் தாளை வாங்கிவிட்டார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. ஏழு வருஷ சர்வீஸில் அவருக்கு எண்ணிக்கையோடு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. பவுலின் கைகட்டி நின்றாள்.

"அபராதம் இன்னாங்க சார்?"

"அபராதமா?"

"இல்லீங்க, இதுக்கு நான் இன்னா பண்ணணும்? ஜெபம் மாதிரி எதுனா."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா," என்றார் அன்புச்செல்வன். "நான் ஸ்கேன் பண்ணிட்டேன்."

இத்தனை வருஷத்தில் பாவத்தைச் சொன்ன பிறகு மன்னிப்பு இல்லாமல் பவுலின் எழுந்து வந்ததே கிடையாது. இங்கே அதற்கான ஏற்பாடே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இவர்களுக்குக் கேட்டுக்கொள்ளத்தான் தெரியும்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பிரபாவதி மேடம் அந்தத் தாளை வாசித்தார். பெயரைச் சொல்லவில்லை. பெயர் சொல்வது அறக்கட்டளையின் கொள்கைக்கு விரோதம். 'கெடாரிலிருந்து வந்திருக்கும், ஒரே பெண் குழந்தை உள்ள, மல்லாட்டை பிடுங்கும் தாய்' என்று மட்டும் சொன்னார். கெடாரிலிருந்து வந்தவள் ஒருத்திதான். நாற்பத்தொரு தாய்மார்களும் திரும்பிப் பார்த்தார்கள். இருநூறு என்ற எண் வந்தபோது மயிலத்திலிருந்து வந்த ஒருத்தி பயந்துபோய்த் தன் பிள்ளையைப் பார்த்தாள். அவளும் தினம் தண்ணீருக்குப் போகிறவள்தான்.

அன்று மரத்தின் வேரில் பவுலின் படத்துக்கு இடம் போதவில்லை. அவள் வேருக்கும் கீழே இருக்கவேண்டியவள் என்று கணக்கு வந்தது. அன்புச்செல்வன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, படத்தைத் தரை ஓடு வரைக்கும் இறக்கி ஒட்டினார். அப்புறம் கூடம் பெருக்குகிறவள் துடைப்பத்தால் அதைச் சுற்றிக்கொண்டு பெருக்கவேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் மாலை அக்னஸை வேறு கூடத்துக்கு மாற்றினார்கள். இதற்குப் பெயர் இடைவெளிப் பயிற்சி. தினம் பத்து நிமிஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு பெண் கைக்கடிகாரத்தோடு நிற்பாள். ஜன்னலில் பார்த்த முதல் நாள் அக்னஸ் "சோறு நல்லா இருக்கும்மா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் "வளருங்கள் அம்மா" என்றாள், சிரிக்காமல். "வளர்கிறேன் கண்ணே" என்று பவுலின் சொன்னாள். அவளும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டை மிச்சம் வைத்ததும் குறிக்கப்பட்டது.

ஆறாம் நாள் பவுலினை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரபாவதி மேடம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அப்படிப் பிடித்ததே பவுலினுக்குப் பயமாக இருந்தது.

"உங்களுக்காக நான் ரொம்பக் கவலைப்படுறேன் பவுலின். பத்து நாள்ல நீங்க வளர்ந்து முடிக்க மாட்டீங்க. அதனால அக்னஸ் எங்க தொடர்வளர்ச்சி இல்லத்துல இருக்கட்டும். போன வருஷத்து மூணு தாய்மார்கள் இன்னும் வளர்ந்துகிட்டுத்தான் இருக்காங்க. அவங்க பிள்ளைங்க எங்ககிட்ட பத்திரமா இருக்கு. ஒரு பிள்ளைகூட இப்ப அழறதில்லை."

"மேடம், என் பொண்ண நான் கூட்டிக்கினு போறேங்க. அதுல எழுதினது அல்லாம் கூட்டி எழுதினதுங்க. நாற்பது இருக்காது. நான் எதுக்கும் இருக்கட்டும்னு..."

பிரபாவதி மேடம் அன்புச்செல்வனைப் பார்த்தார். அவர் லேப்டாப்பைத் திறந்தார்.

"மறுப்பு நிலைன்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார் அன்புச்செல்வன் பரிவாக. "அஞ்சாவது ஆறாவது நாள் வரும். செஞ்சதை இல்லைம்பாங்க. நீங்க இல்லைன்னு சொல்லலைன்னாதான் நாங்க யோசிக்கணும். இப்ப எல்லாம் சரியா வருது."

"அப்ப ஆமாங்க. நெசம்தாங்க. அல்லாம் நெசம்."

"ஒத்துக்கிட்டாங்க," என்று பிரபாவதி மேடம் சொல்ல, அன்புச்செல்வன் அதையும் லேப்டாப்பில் தட்டிக்கொண்டார்.

பவுலின் லேப்டாப் திரையை எட்டிப் பார்த்தாள். இல்லை என்றாலும் அதில் குறிக்க ஒரு கட்டம் இருந்தது, ஆமாம் என்றாலும் ஒரு கட்டம் இருந்தது. வீட்டுக்குப் போகிறேன் என்பதற்குத்தான் கட்டம் இல்லை.

"எங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது," என்றார் பிரபாவதி மேடம், வாசல்வரை கொண்டுவந்து விட்டபடி. "இதை எல்லாரும் தப்பாப் புரிஞ்சிக்கிறாங்க. நாங்க மேலிடத்துக்குப் பரிந்துரைதான் எழுதுவோம். இதுவரைக்கும் நாங்க எழுதி எதுவும் மறுக்கப்பட்டதில்லை, அவ்வளவுதான். கடைசி நாள் சென்னையிலிருந்து மதிப்பீட்டாளர் வர்றார். அவர் பிள்ளையை ரெண்டு கேள்வி கேட்பார். பிள்ளை என்ன சொல்லுதோ அதுதான்."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பவுலின் வாசல் கேட் பக்கம் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். அப்பாதுரை ஸ்டூலில் இருந்தபடியே, "போம்மா, போயி வளர்ற வேலையப் பாரு. என்னைய பேஜாருல மாட்டி வுடாத," என்றார். மற்றத் தாய்மார்கள் கிளைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலி உச்சிக்கிளைக்குப் போய்விட்டிருந்தாள். சாப்பாட்டு வரிசையில் பவுலினுக்குப் பின்னால் நிற்க யாரும் பிரியப்படவில்லை. பாஞ்சாலி மட்டும் ஒரு நாள் தட்டைக் கழுவுகிற சாக்கில் அருகே வந்தாள்.

"உம் பொண்ணுகிட்ட சொல்லி வைடி. அந்த ஆளு கேட்டா, எங்கம்மா என்னைய கை நீட்டினதே இல்லைன்னு சொல்லச் சொல்லு."

"அது அப்படிச் சொல்லாதுக்கா. அதுக்கு அந்தப் பழக்கமே இல்ல."

"பழக்கிக் குடுக்கலியா நீ? இன்னாடி புள்ள வளத்தே?" என்றாள் பாஞ்சாலி. இந்தப் பத்து நாளில் பவுலினின் வளர்ப்பைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் அது ஒன்றுதான் அவளுக்கு உண்மையாகவே வலித்தது.

பத்தாம் நாள் காலை பந்தல் போட்டு வாழைமரம் கட்டினார்கள். மதிப்பீட்டாளர் வந்தார். கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர். அதற்குள் இரண்டு தடவை மணி பார்த்துவிட்டார். நாற்பத்தொரு படங்கள் பூவாக மேலே இருந்தன, ஒன்று தரையில் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இந்த ஆண்டின் சிறப்பு நேர்வு சார்," என்று பிரபாவதி மேடம் பூரிப்போடு சொன்னார். "இவ்வளவு தாழ்ந்த தொடக்கம் எங்க மாவட்டத்துலயே கிடையாது. இங்கேருந்து இந்தத் தாயை நாம பல வருஷம் வளர்க்கலாம்."

அக்னஸை மேடைக்குக் கூட்டிவந்தார்கள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, முகாமில் கொடுத்த மஞ்சள் தொப்பி. யாரோ புது ரிப்பன் கட்டியிருந்தார்கள். பவுலின் முன்வரிசைத் தரையில் இருந்தாள். நாலு முழ தூரம்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது, தொடக்கூடாது என்பது விதி.

"அம்மா உன்னை அடிப்பாங்களா பாப்பா?" என்று மதிப்பீட்டாளர் கேட்டார்.

அக்னஸ் யோசித்தாள். பிறகு கண்ணை மூடி இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பினாள். அந்தக் கையைப் பார்த்ததுமே பவுலினுக்கு விளங்கிவிட்டது. புதுநன்மை வகுப்பில் பிள்ளைக்கும் அதே உபதேசியார்தான்.

"அடிப்பாங்க சார். நான் தப்பு பண்ணதுக்கு."

"எத்தனை தடவை?"

"சரியாத் தெரியல சார். எதுக்கும் நூறு வச்சிக்கோங்க."

பந்தலில் ஓர் அசைவு. அன்புச்செல்வனின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. அக்னஸ் நிறுத்தவில்லை. அவள் இப்போது தன் கணக்குக்கு வந்திருந்தாள்.

"நான் பொய் சொன்னது ரெண்டு தடவ. அம்மா முட்டைய எனக்குத் தெரியாம எடுத்து வச்சப்போ நான் தின்னது நாலு தடவ. அம்மா செத்துப் போவட்டும்னு நெனச்சது ஒரு தடவ. மழைக்கு ஸ்கூல்ல நின்னப்போ, அம்மா வர லேட்டாச்சு, அப்போ நெனச்சேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றாள். மன்னிப்புக்காகக் காத்திருந்தாள்.

"தாயின் சாவை விரும்பும் குழந்தை," என்று பிரபாவதி மேடம் மெல்லிய குரலில் சொன்னார். அந்தக் குரலில் துக்கம் இருந்தது. திருப்தியும் இருந்தது. "இதுக்குத் தனிக் கோப்பு போடணும் அன்பு."

பவுலின் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"அது பொய் சொல்லுது சார்."

எல்லோரும் திரும்பினார்கள். அக்னஸ் கண்ணைத் திறந்தாள்.

"பொய்யிதான் சார். அதுக்கு வாயத் தொறந்தா பொய்யிதான். நானும் பொய்தான் எழுதினேன். எங்க குடும்பமே பொய் பேசுற குடும்பம்." பவுலினுக்கு வார்த்தை நிற்காமல் வந்தது. "முதல் நாள் அல்லாரும் குறைச்சலா இருக்கணும், அப்பத்தான் வளத்துக் காட்ட முடியும்னு சொன்னாங்க சார். நல்லா இருந்தா அவங்களுக்குக் கஷ்டம்னு சொன்னாங்க. அதான் இட்டுக்கட்டி எழுதினேன். இன்னும் எத்தினி பேரு இட்டுக்கட்டினாங்களோ, கேட்டுப் பாருங்க."

மதிப்பீட்டாளரின் பேனா நின்றது. பத்து மணிக்கு வந்ததிலிருந்து அவர் முதல் தடவையாக ஒரு மனிதரை நேராகப் பார்த்தார். பிரபாவதி மேடத்தைத்தான் பார்த்தார்.

"தொடக்க நிலைத் தகவல் பொய்யா மேடம்? அப்ப மொத்த விழுக்காடும்..."

"சார்," என்றார் பிரபாவதி மேடம். தேன் எல்லாம் வற்றிவிட்டிருந்தது. "இந்தத் தாய் நம்ம பட்டியல்லயே கிடையாது. இவங்களும் பொண்ணும் சும்மா பார்வையாளரா வந்தவங்க."

அன்புச்செல்வன் குனிந்து தரையிலிருந்த படத்தை உரித்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வந்த தாய்மார்கள் நாற்பத்தொன்று, வளர்ந்த தாய்மார்கள் நாற்பத்தொன்று, நூறு விழுக்காடு. மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். உச்சிக்கிளையிலிருந்த பாஞ்சாலி மற்றவர்களைவிட உரக்கத் தட்டினாள்.

அப்பாதுரை கேட்டைத் திறக்கும்போது அன்புச்செல்வன் செல்போனைக் கொண்டுவந்து கொடுத்தார். கோபமே இல்லாமல் சொன்னார். "பட்டியல்லேருந்துதாம்மா எடுத்திருக்கோம். கோப்புலேருந்து எடுக்கலை. உங்களுது ஒண்ணு, பாப்பாவோடது ஒண்ணு. எப்பவாவது தேவைப்பட்டா இருக்கும்."

பவுலின் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து, விழுப்புரம் போகிற பஸ்ஸை மறித்து ஏறினாள். உட்கார்ந்த பிறகும் கையை விடவில்லை. பிள்ளை கிடைத்துவிட்டாள். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. வெயில் ஜன்னல் கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வழியில் கூட்டேரிப்பட்டு வரைக்கும் அக்னஸ் சடை நுனியை முறுக்கிக்கொண்டே வந்தாள். அங்கே கூடையோடு ஏறிய ஒரு பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் புது ரிப்பனைப் பார்த்தாள்.

"எங்க பாப்பா போயிட்டு வர்றீங்க அம்மாவும் பொண்ணும்?"

"திருவக்கரைக்குப் போனோம் ஆயா," என்றாள் அக்னஸ். "காளியம்மன் கோயிலுக்கு. அப்புறம் கல்லா மாறின மரம் பார்த்தோம். ஒரு மரம் பஸ்ஸு நீளம் இருந்துச்சு. எங்கம்மா எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தாங்க. ரெண்டு."

பெண்மணி சந்தோஷமாகக் கன்னத்தைக் கிள்ளினாள். பவுலின் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அக்னஸ் திருவக்கரைக்குப் போனதே இல்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன அன்று அவளுக்கு ஜுரம். சொல்லும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவ்வளவு சுத்தமாகச் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாள் என்று பவுலினுக்குத் திக்கென்றது. கூடைக்காரி இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து குனிந்து கேட்டாள்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"நீதானம்மா சொன்னே, நம்ம குடும்பமே பொய் பேசுற குடும்பம்னு."

"அது உன்னைக் கூட்டிக்கினு வர்றதுக்காகச் சொன்னதுடி கண்ணு. நெசம் இல்ல. நீ ஒன்னும் பொய் சொல்ற புள்ள இல்ல. எனக்குத் தெரியாதா?"

அக்னஸ் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கண்ணை, வாயை, மறுபடி கண்ணை. பார்த்துவிட்டு, "அப்ப இப்போ நீ சொல்றது நெசமா?" என்று கேட்டாள்.

"நெசம்டி."

"நீ செத்துப் போவட்டும்னு நான் நெனச்சேன்னு சொன்னதுக்கு உனக்குக் கோவம் இல்லியா?"

"இல்லடி. சத்தியமா இல்ல."

"சரிம்மா," என்று சொல்லி அக்னஸ் நன்றாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை நம்பினாளா, நம்பியதாகக் காட்டினாளா என்று பவுலினுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் அது அவளுக்குத் தெரியாமல் போனது ஒரு தடவை. இந்த எண்ணிக்கையை அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.